குருவி டிக்கெட்

பழங்காநத்தம், மதுரை
6.4.1998

அன்பு மகள் இந்துவுக்கு,

பெண் குழந்தை என்று மாப்பிள்ளை போனில் சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தெரு முழுக்கக் கல்கண்டு கொடுத்தாகிவிட்டது. உன் அம்மா கனகலட்சுமி இருந்திருந்தால் உன்னைப் பிரசவத்துக்கு இங்கே கூட்டிவந்திருப்பாள். அவள் இல்லை. செய்ய வேண்டியதை இனி நான்தான் செய்ய வேண்டும். உனக்கு லேகியம் கிண்டச் சொல்லிவிட்டேன். குழந்தைக்கு வசம்பு வளையல் வாங்கிவிட்டேன். இனி டிக்கெட் ஒன்று கிடைத்தால் நான் புறப்பட வேண்டியதுதான்.

மின்சார வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆன மனிதனுக்கு வேறு என்ன வேலை? டிக்கெட் தேடி வெயிலில் அலைகிறேன். டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஏஜென்சிக்குப் போனேன். ஏ.சி., சோபா, கண்ணாடி டம்ளரில் தண்ணீர். அங்கிருந்த பெண் சொன்ன விலையைக் கேட்டதும் தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டேன், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறாளோ என்று. "கொஞ்சம் பாத்துப் போடும்மா" என்றேன். "சார், இது ஃப்ளைட் டிக்கெட் சார், கத்திரிக்கா இல்ல" என்கிறாள்.

கோரிப்பாளையத்தில் ஒரு பாய் பரவாயில்லை. "கொழும்பு வழியாப் போனாக் கொறையும் சார். ஆனா அங்கன ஏர்போர்ட்ல ஒரு ராத்திரி பூரா உக்காந்திருக்கணும்" என்றார். உட்காருவதற்கு என்ன, ஆபீசில் அதைத்தானே செய்தேன். செவ்வாய்க்கிழமை போனால் குறையுமா, பள்ளிக்கூடம் திறந்த பிறகு குறையுமா, சாப்பாடு வேண்டாம் என்றால் கழிப்பார்களா என்று எல்லாவற்றையும் கேட்டேன். சாப்பாட்டுக் கேள்விக்கு மட்டும் பாய் சிரித்துவிட்டார்.

உன் அம்மா பக்கத்தில் இல்லாமல் பேரம் பேசுவது கஷ்டமாக இருக்கிறது. கடையில் நின்றுகொண்டே நம் சௌராஷ்டிர பாஷையில் "இவன் ஏமாத்துறான், எந்திரிங்க" என்பாள். கடைக்காரனுக்குப் புரியாது. நான் எழுந்தால் விலை தானாக இறங்கும். குழந்தையிடம் நீங்கள் எல்லாரும் நம் பாஷையிலேயே பேசுங்கள். எழுத நமக்குத் தமிழ்தான் வருகிறது. பேச்சாவது போகாமல் இருக்கட்டும்.

எப்படியும் அடுத்த மாதம் வந்துவிடுவேன்.

அப்பா

*

யீஷூன், சிங்கப்பூர்
17.4.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் பேசலாம்தான். ஆனால் போன் ஹாலில் இருக்கிறது, ஹாலில் ஹேமா அண்ணி இருக்கிறார். நாங்கள் இருப்பது அவர் வீட்டின் ஓர் அறையில் என்பது உங்களுக்குத் தெரியும். இவருடைய அக்கா என்றாலும் வீடு அவருடையது. குழந்தை அழுதால்கூட நான் கதவைச் சாத்திவிட்டுத்தான் சமாதானப்படுத்துகிறேன்.

அப்பா, கொழும்பு வழி எல்லாம் வேண்டாம். டிக்கெட்டை இங்கிருந்தே எடுத்து அனுப்புவதாக இவர் சொல்கிறார். வாங்கிக்கொள்ளுங்கள். கோபப்படாதீர்கள். கல்யாணத்தின்போது மண்டபத்துக்காரரிடம் வாழை மரத்துக்குக்கூட நீங்கள் பேரம் பேசியதை அண்ணி இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். நானும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் மின்சார போர்டில் ஆபீசராக இருந்தீர்கள் என்று இங்கே சொல்லி வைத்திருக்கிறேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அண்ணியின் வீட்டுக்காரர் அவருடைய அப்பாவைப் பற்றி ஏதோ பெருமையாகச் சொன்னார், என் வாயிலும் வந்துவிட்டது. கல்யாணத்துக்குத் தைத்த சஃபாரியைப் போட்டுக்கொண்டு வாருங்கள். கட்டைப் பையும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியும் வேண்டாம். தலைக்கு மை அடித்துக்கொண்டால் நல்லது.

இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள்.

குழந்தைக்கு ரம்யாஸ்ரீ என்று பெயர் வைக்கலாம் என்கிறார்கள். உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?

இந்து

*

மதுரை
29.4.1998

அன்பு இந்துவுக்கு,

பெயர் நன்றாக இருக்கிறது. கூப்பிடும்போது ரம்யா என்று சுருங்கிவிடும், அதுவும் நல்லதுதான்.

டிக்கெட் கிடைத்துவிட்டது! கொழும்பும் இல்லை, ராத்திரி உட்காருவதும் இல்லை. சென்னையிலிருந்து நேரே சிங்கப்பூர். என்ன விலை என்று சொன்னால் நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. டவுன்ஹால் ரோட்டுப் பெண்ணிடம் போய்க் காட்டிவிட்டு வரலாமா என்றுகூடத் தோன்றியது.

நம் தெருக்கோடி வீட்டுச் சோணையை உனக்கு ஞாபகம் இருக்கும். மாதம் தவறாமல் சிங்கப்பூர் போய்வருகிறவன். "அண்ணே, டிக்கெட்டுக்குப் போயி எதுக்கு இம்புட்டு அலையுறீக? எங்கூட வாங்க. விசா, டிக்கெட்டு அம்புட்டும் எங்க மொதலாளி பாத்துக்கிருவாரு" என்றான். வியாபாரத்தில் இருப்பவர்கள், மொத்தமாக எடுப்பதால் குறைகிறதாம். அவ்வளவுதான் விஷயம்.

மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு, அவர் மனசுக்குச் சந்தோஷம். ஆனால் பெண்ணைக் கொடுத்த வீட்டில் காசு வாங்கி, அந்தக் காசில் ஏறிப் போய்ப் பேத்தியைப் பார்த்தேன் என்று இருக்கக் கூடாது. உன் அம்மா இருந்தாலும் இதைத்தான் சொல்வாள்.

மே 14 காலையில் இறங்குகிறேன். ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம். நீ பச்சை உடம்புக்காரி. சோணைக்கு அந்த ஊர் அத்துப்படி, டாக்சி வைத்து உன் வாசலிலேயே இறக்கிவிடுவான். சஃபாரியை இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறேன். மையும் அடித்துக்கொள்கிறேன். ஆபீசர் என்று சொன்னதற்கு வருத்தப்படாதே. பதவி உயர்வு எனக்கு அங்கேதான் எழுதியிருக்கிறது போலிருக்கிறது.

அப்பா

*

மதுரை
25.5.1998

அன்பு மகள் இந்துவுக்கு,

சௌக்கியமா. குழந்தை சௌக்கியமா.

நான் வருவதாக இருந்தது கடைசி நேரத்தில் நின்றுபோய்விட்டது. விசாவில் ஏதோ சிக்கல். சென்னை வரை போய்விட்டுத் திரும்பினேன். அலைச்சலில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டதால் உடனே எழுத முடியவில்லை. நீ காத்திருந்திருப்பாய். வருத்தமாக இருக்கிறது.

லேகியத்தையும் வசம்பு வளையலையும் சோணையிடம் கொடுத்துவிட்டிருந்தேன். கிடைத்திருக்கும். லேகியத்தைச் சாப்பிட்டதும் தண்ணீர் குடிக்காதே.

மாப்பிள்ளையையும் அவர் அக்காவையும் கேட்டதாகச் சொல்லவும்.

அப்பா

*

சிங்கப்பூர்
4.6.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. காய்ச்சல் விட்டுவிட்டதா? விசாவுக்கு நீங்கள் என்ன செய்ய முடியும். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

பை கிடைத்தது. வாசல் கம்பிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. சோணை அண்ணன் மணியை அடித்திருக்கலாம். நான் உள்ளேதான் இருந்தேன். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, யாரோ வயசானவர் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார் என்று சொன்னார். சோணை அண்ணனுக்கு அப்படி ஒன்றும் வயசாகவில்லையே என்று நினைத்தேன்.

வளையல் ரம்யாவுக்குச் சரியாக இருக்கிறது. லேகிய டப்பாவில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க முடியாமல் கடைசியில் கத்தரித்தேன். உங்களைத் தவிர யாரும் அப்படி முடிச்சுப் போட மாட்டார்கள்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்து

*

மதுரை
15.6.1998

அன்பு இந்துவுக்கு,

முடிச்சு நான் இங்கே போட்டது. பையைக் கொண்டுவந்தது சோணையோடு வந்த வேறு ஒருவர், அவருக்கு வயசு என்னைப் போலத்தான் இருக்கும். பகலில் குழந்தை தூங்கும் என்று மணி அடிக்காமல் வந்திருப்பார். நல்ல மனுஷன்.

இங்கே மழை இல்லை. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. ரம்யா தலை நிற்கிறதா? போட்டோ எடுத்தால் அனுப்பு.

முழங்காலுக்கு என்ன, எப்போதும் போலத்தான் இருக்கிறது. அதை எதற்கு திடீரென்று கேட்டாய்?

அப்பா

*

சிங்கப்பூர்
27.6.1998

அப்பா,

எதற்குக் கேட்டேன் என்றால், நீங்கள் நொண்டி நடந்ததை நான் பார்த்தேன்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். இதைப் படித்த பிறகு நீங்கள் எனக்கு எழுதாமல் போனாலும் சரி.

மே 14 அன்று நான் ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தேன். வர வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தீர்கள். ஹேமா அண்ணிதான், "ஆபீசர் வர்றாரு, வீட்ல உக்காந்து வாங்கன்னு சொன்னா மரியாதையா இருக்குமா?" என்று கிளப்பினார். ரம்யாவை எதிர்வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். கண்ணாடிக் கதவு திறக்கத் திறக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணியின் புதுச் சிவப்புச் செருப்பை நான்தான் பிரித்துக் கொடுத்தேன், உங்களுக்காகத்தான் அதைப் போட்டார்.

அப்போது மஞ்சள் தொப்பி போட்ட ஒரு கூட்டம் வந்தது. ஒருத்தர் முன்னால் கையை ஆட்டி அதட்டிக்கொண்டே வர, மற்றவர்கள் மூட்டை ஏற்றிய வண்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார்கள். அவர்கள் யார் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். குருவிகள். வியாபாரியின் சரக்கைத் தங்கள் லக்கேஜாகச் சுமந்து வருகிறவர்கள். அதற்குக் கூலி அந்த டிக்கெட்தான்.

கடைசி வண்டியைத் தள்ளி வந்தது நீங்கள்.

அண்ணி நம் பாஷையில் சத்தமாகவே சொன்னார். நம் பாஷைதானே, யாருக்குப் புரியப்போகிறது. "பாரு, குருவிக் கூட்டம். மாட்டை ஓட்டுற மாதிரி ஓட்டிட்டு வர்றான்." அப்புறம் உங்களைக் காட்டி, "அந்தக் கடைசி ஆளு உங்கப்பா சாடையா இருக்காருல்ல?" என்றார். கல்யாணத்தில் பார்த்தது, அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

நானும் நம் பாஷையிலேயே சொன்னேன். "எங்கப்பாவா? எங்கப்பா இப்படியா வருவாரு?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு தானாக வரவில்லை அப்பா, வரவழைத்துச் சிரித்தேன். பிறகு தண்ணீர் வாங்கும் சாக்கில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு போனீர்கள். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல். அதுவும் ஓர் ஆறுதலா?

அப்பா ஃப்ளைட்டைத் தவறவிட்டிருப்பார் என்று சொல்லி அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வாசல் மணி அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா வர மாட்டாரா என்று தவித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய். வந்துவிடுவாரோ என்று பயந்தேன். கதவில் பையைப் பார்த்ததும், வந்துவிட்டுப் போய்விட்டார் என்று புரிந்தது. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

உங்கள் மேல் கோபமும் இருக்கிறது. இவர் டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றாரே. கெஞ்சி எழுதினேனே. மருமகன் காசு மானக்கேடு, யாரோ ஒரு முதலாளியின் மூட்டை மானக்கேடு இல்லையா? அறுபது வயசில் அந்த முழங்காலோடு எதற்கப்பா இப்படி? ஆனால் இதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

இந்து

*

மதுரை
9.7.1998

இந்து,

என் தலைதான் குனிந்திருந்தது. காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அந்த ஏர்போர்ட்டில் சீனம், மலாய், இங்கிலீஷ், தமிழ் என்று என்னென்னவோ காதில் விழுந்தது. நடுவில் நம் பாஷை கேட்டதும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. நம்மவர் யாரோ இருக்கிறார்கள் என்று நிமிரப் போனேன். என்ன சொல்கிறார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது. அதற்கும் அப்புறம் உன் குரல். தொப்பியை இழுத்து மூக்கு வரை விட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளினேன். தொப்பி விளிம்புக்கு அடியில் நீ தூணுக்குப் பின்னால் போனதையும் பார்த்தேன்.

நீ சொல்லாமலே விட்டிருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். விசா, காய்ச்சல் என்று அதற்காகத்தான் எழுதினேன். நான் வரவே இல்லை என்று ஆகிவிட்டால் நீ சிரித்தது என்னைப் பார்த்து இல்லை, யாரோ ஒரு கிழவனைப் பார்த்து என்று ஆகிவிடும் அல்லவா.

கோபமாக எழுதியிருக்கிறாய், சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். சோணை என்னிடம் எதையும் மறைக்கவில்லை. "மூட்டை தூக்கணும்ணே, ஒங்களுக்குத் தோதுப்படுமா?" என்று கேட்டான். மலிவாக ஒன்று கிடைக்கிறது என்றால் எனக்குக் கண் மறைத்துவிடும் என்பது உனக்குத் தெரியாதா? ஓசி டிக்கெட்! உலகத்தில் யாருக்கும் படியாத பேரம் எனக்குப் படிந்துவிட்டது என்று நினைத்தேன். சென்னையில் என் பெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, லுங்கியும் அப்பளமும் கட்டிய மூட்டையை என் பேரில் ஏற்றினார்கள். தலையில் ஒரு தொப்பியை மாட்டினார்கள். என் துணிமணி ஒரு கைப்பைக்குள் அடங்க வேண்டும். சஃபாரி அதில்தான் இருந்தது. இறங்கி, மூட்டையை ஒப்படைத்து, அதை மாற்றிக்கொண்டு, டாக்சியில் உன் வாசலில் ஆபீசராக வந்து நிற்பது என்று திட்டம். உனக்குத் தெரியவே போவதில்லை என்று இருந்தேன். அதனால் நீ மறைத்ததைப் பற்றிப் பேச எனக்கும் யோக்கியதை இல்லை.

லாட்ஜில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருந்தோம். சோணை தினமும், "என்னண்ணே, மக வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்பான். மகளுக்கு வேலை, மாப்பிள்ளைக்கு வேலை என்று ஏதாவது சொல்வேன். கடைசி நாள் அவனே பஸ்ஸில் ஏற்றிவிட்டான். சஃபாரியைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். அந்த நேரத்தில் உன் நாத்தனார் வேலைக்குப் போயிருப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன். வந்து பார்த்தால், ஏர்போர்ட்டில் குனிந்த தலையோடு நான் பார்த்த அந்தச் சிவப்புச் செருப்பு வாசலில் கிடக்கிறது.

மணியின் மேல் விரலை வைத்துவிட்டேன். அடித்தால் என்ன ஆகும்? என்னை சஃபாரியில் பார்த்ததும் அந்தம்மாவுக்குத் தொப்பி ஞாபகம் வரும். உன் பொய் வெளியாகும். அது அவர் வீடு, நீ கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையைச் சமாதானப்படுத்துகிற வீடு. அப்போது உள்ளே ரம்யா அழுதாள். உன் அம்மாவைப் போல மெதுவாக ஆரம்பித்து அப்புறம் உரக்க அழுதாள். நீ நம் பாஷையில் ஏதோ சொன்னாய், அடங்கிவிட்டாள். பேத்தியை நான் பார்த்தது அவ்வளவுதான், காதால் பார்த்தேன். பையை மாட்டிவிட்டு இறங்கிவிட்டேன்.

உன் அம்மாவும் நானும் எத்தனை பேரை அவர்கள் முகத்துக்கு நேரே இப்படிப் பேசியிருக்கிறோம். கடைக்காரன், கண்டக்டர், பக்கத்து சீட்டுக்காரன். திருட்டு முழி என்போம், தேவாங்கு என்போம். அவனுக்குப் புரியாது என்று சிரிப்போம். கேட்கிறவன் பக்கம் எப்படி இருக்கும் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நீ என்னைத் தெரியாது என்றதுகூட எனக்குப் பெரிசாக இல்லை, இந்து. உன் நிலைமை எனக்குப் புரிகிறது. அந்தச் சிரிப்புத்தான். அதை மட்டும் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. உண்மையைக் கேட்டாய், எழுதிவிட்டேன்.

அப்பா

*

சிங்கப்பூர்
21.7.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். பிறகு வெளியே வந்து ஹேமா அண்ணியிடமும் இவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் ஆபீசர் இல்லை என்பதிலிருந்து தொடங்கிச் சொன்னேன்.

இவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அண்ணி அடுப்பை அணைத்தார். பிறகு, "நான் சொன்னது அவர் காதுல விழுந்துச்சா?" என்று கேட்டார். விழுந்தது என்றேன். எழுந்து போய்ப் படுத்துவிட்டார். அன்று நான்தான் சமைத்தேன். கெட்டவர் இல்லை அப்பா. நான் பயந்த அளவுக்கு அவரும் இல்லை, இந்த வீடும் இல்லை. அது தெரிந்தது எனக்கு இன்னும் அவமானமாக இருக்கிறது. ஒன்றும் நடந்திருக்காது. அன்று "ஆமாம், எங்கப்பாதான்" என்று சொல்லியிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது.

இப்போது நான் கேட்பதற்கு முடியாது என்று சொல்லக் கூடாது. முழு டிக்கெட் எடுத்து அனுப்ப இவர் தயாராக இருக்கிறார், அண்ணியும் பாதி போடுகிறேன் என்கிறார். நான்தான் வேண்டாம் என்றேன். நீங்கள் சஃபாரி போட்டுக்கொண்டு ஒரு பெட்டியோடு வந்து இறங்கினால் உங்களை அப்பா என்று சொல்ல எனக்கு என்ன கஷ்டம்? யாரும் சொல்வார்கள். சோணை அண்ணன் கூட்டத்தோடு வாருங்கள். அந்தத் தொப்பியோடு வாருங்கள். நான் கண்ணாடிக்கு முன்னால் முதல் ஆளாக, ரம்யாவைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். அண்ணியும் வருவார். வேண்டுமானால் சின்ன மூட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

நான் சிரித்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இந்து

*

மதுரை
4.8.1998

அன்பு இந்துவுக்கு,

நன்றாக இருக்கிறது நியாயம். உன் பாவம் தீர நான் மூட்டை தூக்க வேண்டுமா?

சோணையிடம் கேட்டேன். "நீங்க வருவீகன்னு நெனைக்கவே இல்லண்ணே. போன தடவை ரூம்ல மூஞ்சியச் செவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டுல்ல படுத்திருந்தீக" என்றான். இந்தத் தடவை எனக்கு அப்பளம் மட்டும் போடச் சொல்லியிருக்கிறான். ஆகஸ்ட் 20 காலையில் இறங்குகிறேன்.

உனக்காக மட்டும் வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இதைவிட மலிவாக மதுரையில் டிக்கெட் கிடையாது.

அப்பா

*

மதுரை
2.9.1998

அன்பு மகள் இந்துவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். திரும்பும்போது என் பேரில் ஒரு டி.வி. பெட்டியை ஏற்றினார்கள். ரம்யாவைவிட அது கனம், ஆனால் அழவில்லை. என் மடியில் அவள் நனைத்த வேட்டியை இன்னும் வெளுக்கப் போடவில்லை. சிரித்தால் சிரித்துக்கொள். உன் நாத்தனார் கொடுத்துவிட்ட ஃப்ளாஸ்க் உடையாமல் வந்துவிட்டது. அவரே மன்னிப்புக் கேட்பதற்கு வாயெடுத்த போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிட்டேன், பார்த்தாயா? பாவம், அவர் கேட்டிருந்தால் நானும் டவுன்ஹால் ரோட்டில் பாதிப் பேரிடம் மன்னிப்புக் கேட்கப் போக வேண்டும்.

ஒரு விஷயம் அங்கே இருந்தபோது சொல்ல வாய் வரவில்லை. தினமும் சொல்ல நினைத்தேன். அதனால் எழுதுகிறேன்.

அன்று கண்ணாடிக் கதவு திறந்ததும் நான்தான் உன்னை முதலில் பார்த்தேன். சொன்னபடியே முன்னால் குழந்தையோடு நின்றாய். பக்கத்தில் உன் நாத்தனார். உன்னைப் பார்த்துக் கையைத் தூக்கியிருக்க வேண்டும். எழுதி, பேசி, எல்லாம் முடிவானதுதானே. என் கை என்ன செய்தது தெரியுமா? போய்த் தொப்பியை இழுத்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, சோணைக்குப் பின்னால் மறைந்தாற்போல வண்டியைத் தள்ளினேன். உன்னைத் தாண்டியே போயிருப்பேன்.

நீ கூப்பிட்டாய். நம் பாஷையில் கூப்பிட்டிருந்தால் மூன்று பேரோடு போயிருக்கும். நீ தமிழில் கத்தினாய். "அப்பா! இங்கன, அப்பா! அண்ணி, இவருதான் எங்கப்பா!" நம் ஊர்ப்பக்கத்துச் சனம் எத்தனை பேர் நின்றார்கள் அங்கே. அம்புட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சோணை வண்டியை நிறுத்தி, "அண்ணே, ஒங்க மக கூப்பிடுது" என்றான், எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து. அதற்குள் நீ தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்து, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை நீ பிடித்துக்கொண்டாய்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ கேட்காத மாதிரி இருந்துவிட்டாய், ஆனால் கேட்டிருக்கும். நம் பாஷையில், பல்லைக் கடித்துக்கொண்டு, "மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன்.

நீ அன்று தூணுக்குப் பின்னால் நின்றதற்காக இத்தனை கடிதம் எழுதினோம். பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்ன முதல் வார்த்தை அது. இங்கே வந்த பிறகு தொப்பியைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் காதில் கேட்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, இந்து.

தொப்பியைச் சோணை திருப்பிக் கேட்டான், நான் கொடுக்கவில்லை. தை மாதம் ஒரு கூட்டம் கிளம்புகிறதாம். அப்போதும் நீ அப்படியே சத்தமாகக் கூப்பிடு. நானும் தமிழிலேயே, அங்கே நிற்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எம் மகதான்" என்று சொல்கிறேன்.

அப்பா